மாப்பிள்ளையின் இறக்குகூலி

திண்டுக்கல்,
16-6-1959

மாப்பிள்ளை சுருளிவேல் அவர்களுக்கு மாமன் உடையப்பன் எழுதிக்கொண்டது.

இங்கே நான், உங்கள் அத்தை, பொன்னழகு, பிள்ளை எல்லாரும் சுகம். உங்கள் சுகத்தை விசாரிக்க வேண்டிய அவசியம் இல்லை. நேற்று மண்டியில் நேரிலேயே பார்த்துவிட்டேன். நல்ல தெம்பாகத்தான் இருக்கிறீர்கள். இல்லாவிட்டால் அந்த உருளைக்கிழங்கு மூட்டையை முதுகில் ஏற்றியிருக்க முடியுமா?

நான் பார்த்ததை நீங்களும் பார்த்தீர்கள். உடனே தலையில் போட்டிருந்த சாக்குக் கொங்காணியை முகம் மறைய இழுத்துக்கொண்டீர்கள். சொந்த மாப்பிள்ளையின் நடையை எனக்குத் தெரியாதா?

முதலில் நான் நம்பவில்லை. என் சுமைகூலிக் கூட்டத்து ஆண்டிச்சாமிதான் ஓடிவந்து சொன்னான். "மேஸ்திரி, வத்தலக்குண்டு வண்டியில உங்க மாப்ளயே மூட்டை எறக்குறாரு. வந்து பாருங்க" என்றான். அவன் முகத்தில் அம்புட்டுச் சந்தோஷம். இருக்காதா பின்னே? பொன்னழகைப் பெண் கேட்டு வந்தவன் அவன். "மூட்டை தூக்குறவனுக்கு மகளைக் குடுக்க மாட்டேன்" என்று வாசலிலேயே நிற்க வைத்துத் திருப்பி அனுப்பினேன். நேற்று அவன் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

இந்த மண்டியில் நானும் என் வயசெல்லாம் சுமந்திருக்கிறேன். என் கழுத்து வலப்பக்கம் திரும்பாது. யாராவது அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டால் உடம்போடு திரும்ப வேண்டும். என் மகளுக்கு இந்தக் கழுத்து உள்ள புருஷன் வேண்டாம் என்றுதான் லாரி டிரைவருக்குக் கொடுத்தேன். காக்கிச் சட்டையும் முன் சீட்டும் பார்த்துக் கொடுத்தேன். நீங்கள் அந்தச் சட்டையைக் கழற்றிக் கண்ணாடியில் தொங்கவிட்டுவிட்டு மூட்டைக்கு முதுகைக் காட்டுகிறீர்கள்.

பொன்னழகிடம் சொன்னேன். பிள்ளைக்குப் பால் கொடுக்க உள்ளே போய்விட்டாள். பிள்ளைக்கு மூன்று மாதம் முடிந்ததும் அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன். அந்தப் பேச்சு இனி இல்லை. நீங்கள் டிரைவராக வந்து கூப்பிட்டால் அனுப்புகிறேன். சுமைகூலியாக வந்தால் வாசலில் நிற்க வேண்டியதுதான். அந்த இடம் உங்களுக்கு முன்னாலேயே ஒருவன் நின்ற இடம்.

இப்படிக்கு,
உடையப்பன்,
மண்டி மேஸ்திரி


வத்தலக்குண்டு,
20-6-1959

மாமா அவர்களுக்கு சுருளிவேல் வணக்கம்.

கடிதம் கிடைத்தது. நான் முகத்தை மறைத்தது வெட்கத்தினால் இல்லை. கிழங்கு மூட்டையிலிருந்து மண் கொட்டும். அது கண்ணில் விழாமல் இருக்கத்தான் கொங்காணியை இழுப்பார்கள். இத்தனை வருஷம் சுமந்த உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் ஏன் இறக்குகிறேன் என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்காவிட்டாலும் சொல்கிறேன். திங்கட்கிழமை காலையில் மண்டிக்குள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறேன். உங்கள் ஆட்கள் முதலில் டீ குடிப்பார்கள். பிறகு பீடி. பிறகு கூலி போதாது என்று சத்தம். பிறகு தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டுவார்கள். அதை ஒருவன் கட்டி முடிக்கும்போது இன்னொருவன் அவிழ்ப்பான். வெயில் ஏறும். கிழங்கு வெந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கும். இவர்கள் இறக்கி முடிப்பதற்குள் நான் அடுத்து ஏற்ற வேண்டிய நத்தத்துப் புளி லோடு வேறு வண்டிக்குப் போய்விடும். வண்டி நின்றால் டிரைவருக்குப் படிக்காசு கிடையாது. உங்கள் ஆட்களுக்கு அதைப் பற்றி என்ன?

மண்டிக்காரர் ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு, "ஏப்பா டிரைவரு, நீயே எறக்கிப்புடேன். அவனுகளுக்குக் குடுக்குறதுல பாதியை உனக்குத் தாரேன்" என்றார். இறக்கினேன். கிளீனர் சோலைமலை மேலே நின்று எடுத்துக் கொடுத்தான், நான் முதுகில் வாங்கினேன். உங்கள் ஆட்கள் பொழுது சாயும்வரை செய்யும் வேலை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்தது. மலைப்பாதையில் லாரி ஓட்டுகிறவனுக்குக் கையிலும் தோளிலும் உங்கள் ஆட்களைவிடப் பலம் உண்டு. நான் ஒருத்தர் சோற்றையும் பிடுங்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்தவர்களின் வேலையைச் செய்தேன்.

நீங்கள் செய்த வேலைதானே இது. அதை நான் செய்தால் கேவலமா? அப்படியென்றால் நீங்கள் இத்தனை காலம் செய்தது என்ன?

ஆனி முடிவதற்குள் பொன்னழகையும் பிள்ளையையும் அனுப்பி வையுங்கள். ஆடி பிறந்துவிட்டால் அதையே சாக்காகச் சொல்வீர்கள் என்று தெரியும்.

சுருளிவேல்


திண்டுக்கல், 24-6-1959 (கார்டு)

மாப்பிள்ளைக்கு. நான் செய்த வேலைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம். செய்ததால்தான் அது என்ன வேலை என்று எனக்குத் தெரியும். என் ஆட்கள் முழுக்கூலிக்குத் தூக்குகிறார்கள், நீங்கள் அரைக்கூலிக்குத் தூக்குகிறீர்கள். இரண்டு பேரில் யார் மட்டம் என்று நீங்களே யோசியுங்கள். பொன்னழகு ஆனியில் வரமாட்டாள். ஆடியிலும் வரமாட்டாள். இதைக் கார்டில் எழுதியது கவர் வாங்க முடியாமல் இல்லை. உங்கள் ஊர்த் தபால்காரரும் படிக்கட்டும். உடையப்பன்.


வத்தலக்குண்டு,
2-7-1959

மாமா அவர்களுக்கு.

உங்கள் ஆசை நிறைவேறிவிட்டது. தபால்காரர் அருளப்பன் கார்டைப் படித்தார். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து நிதானமாகப் படித்துவிட்டுத்தான் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். "உங்க மாமா கையெழுத்து மணிமணியா இருக்கு" என்று வேறு சொன்னார். இப்போது இந்த ஊரில் எனக்கு அரைக்கூலி டிரைவர் என்று பேர்.

எனக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. சிரிக்கிறவன் எவனும் என் வீட்டில் அரிசி கொண்டுவந்து போடப் போவதில்லை. இறக்குகூலியில் பிள்ளைக்கு மரத்தொட்டில் செய்யச் சொல்லி, போன வாரம் வாங்கி வந்துவிட்டேன். வர்ணம் அடித்துக் கிளி பொம்மை தொங்கவிட்டிருக்கிறது. அது கூடத்தில் காலியாகக் கிடக்கிறது. நான் தனியாக உட்கார்ந்து சாப்பிடும்போது கண்ணில் படுகிறது. எனக்கு எரிச்சலாக வருகிறது.

உங்கள் கௌரவம் எனக்கு விளங்கவில்லை மாமா. மண்டியில் உங்களை எல்லாரும் மேஸ்திரி என்கிறார்கள். நீங்கள் தராசு மேடையில் உட்கார்ந்து விரலை நீட்டுகிறீர்கள், மற்றவர்கள் தூக்குகிறார்கள். அந்த மற்றவர்களை மனுஷராகவே நீங்கள் நினைக்கவில்லை என்பது உங்கள் கடிதத்தில்தான் தெரிந்தது. ஆண்டிச்சாமிக்கு இதை யாராவது படித்துக் காட்ட வேண்டும்.

பொன்னழகு எழுதப் படிக்கத் தெரியாதவள் என்பது உங்களுக்கு வசதியாகப் போய்விட்டது. நான் எழுதுவதில் எதை அவளிடம் படிக்கிறீர்கள், எதை விழுங்குகிறீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? இந்த வரியை மட்டுமாவது அவளிடம் படியுங்கள். வீட்டுக்காரன் சுகமாக இருக்கிறான், தொட்டில் வாங்கிவிட்டான், வரச் சொல்கிறான்.

சுருளிவேல்


திண்டுக்கல்,
14-7-1959

மாப்பிள்ளைக்கு.

அந்த வரியைப் படித்துக் காட்டினேன். தொட்டில் என்ற இடத்தில் சிரித்தாள். பிறகு, "முதுகு வலிக்குதாமா?" என்று கேட்டாள். அப்படி ஒன்றும் எழுதவில்லை என்றேன்.

இப்போது மண்டி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் ஆரம்பித்து வைத்த புண்ணியம், நேற்று ஒட்டன்சத்திரம் வண்டிக்காரனும் தானே இறக்கினான். நான் போய்க் கேட்டேன். அவன், "ஏனுங்க மேஸ்திரி, உங்க மாப்பிள்ளையே எறக்கறாருங்களே, நான் எறக்கினா மட்டும் ஆகாதுங்களா?" என்றான். சிரித்துக்கொண்டே மரியாதையாகக் கேட்டான். என் ஆட்கள் என் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். மாமனும் மருமகனும் கூட்டாகச் சேர்ந்துகொண்டு தங்கள் வயிற்றில் அடிப்பதாக இரண்டு பேர் என் காதுபடவே பேசினார்கள்.

ஆகவே எல்லாரையும் கூட்டி வைத்துச் சொல்லிவிட்டேன். உங்கள் வண்டிக்கு இனி ஒருவனும் போகமாட்டான். பலகை போடமாட்டான். மூட்டை சரிந்தாலும் பிடிக்கமாட்டான். தண்ணீர் கேட்டால் கொடுக்கலாம் என்று ஆண்டிச்சாமி சொன்னான். அதை மட்டும் நான் தடுக்கவில்லை.

நீங்கள் மூட்டை வாங்குவதையும் நேற்று பார்த்தேன். இடுப்பை வளைத்து வாங்குகிறீர்கள். முட்டியை மடக்கி வாங்க வேண்டும். இப்படியே போனால் சீக்கிரம் கிளட்சை மிதிக்கக் கால் தூக்க முடியாமல் போகும். உங்கள் நன்மைக்குச் சொல்லவில்லை. பார்க்கச் சகிக்கவில்லை, அதனால் சொல்கிறேன்.

உடையப்பன்


வத்தலக்குண்டு,
30-7-1959

மாமா அவர்களுக்கு.

உங்கள் தடைச்சட்டம் மிகப் பிரமாதம். போன இரண்டு திங்கட்கிழமைகளும் உங்கள் ஆட்கள் அத்தனை பேரும் வேப்பமர நிழலில் வரிசையாக உட்கார்ந்து, நான் வேலை செய்வதை வேடிக்கை பார்த்தார்கள். வேலை செய்வது எப்படி என்று அவர்கள் இதற்கு முன்னால் பார்த்ததில்லை போலிருக்கிறது. பார்த்தாவது கற்றுக்கொள்ளட்டும்.

இப்போது சோலைமலையும் என்னோடு வருவதில்லை. அவனுக்குக் கொடுக்கும் பங்கு எதற்கு என்று நான்தான் நிறுத்திவிட்டேன். இப்போது இறக்குகூலி முழுக்க எனக்கே. எப்படி ஒற்றை ஆளாக இறக்குகிறேன் என்று நீங்கள் தராசு மேடையிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தீர்கள். சொல்லிவிடுகிறேன், கழுத்து வலிக்கப் பார்க்க வேண்டாம். மேலே ஏறி மூட்டையை விளிம்புக்கு நகர்த்தி நிறுத்துகிறேன். கீழே குதித்து முதுகைத் திருப்பி, இரண்டு கையாலும் மூட்டைக் காதைப் பிடித்து இழுத்து வாங்குகிறேன். கொண்டுபோய்ப் போட்டுவிட்டு மறுபடி ஏறுகிறேன். போன திங்கட்கிழமை ஒரு மூட்டை தவறி விழுந்து கிழங்கு உருண்டது. நீங்கள் சிரித்ததைப் பார்த்தேன். மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாலும் தோள் குலுங்கியது.

சிரியுங்கள். சிரிப்புக்குக் கூலி கிடையாது, எனக்கு உண்டு.

ஆவணி பிறந்ததும் நான் வீட்டு வாசலில் வந்து நிற்பேன். அது ஆண்டிச்சாமி நின்ற இடம் என்றாலும் பரவாயில்லை. தாலி கட்டியவன் நிற்பதற்கும் பெண் கேட்டு வந்தவன் நிற்பதற்கும் வித்தியாசம் உண்டு.

சுருளிவேல்


திண்டுக்கல்,
18-8-1959

மாப்பிள்ளைக்கு.

நேற்று ஆவணி முதல் நாள். வாசலில் வந்து நிற்பதாக எழுதியிருந்தீர்கள். வரவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டீர்கள். என்ன நடந்தது என்று உங்களுக்குப் பாதிதான் தெரியும். மூட்டைக்கு அடியில் குனிந்திருக்கிறவனுக்குத் தரைதான் தெரியும். மீதியை நான் எழுதுகிறேன்.

பொன்னழகு எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். வழக்கமாக அத்தைதான் வருவாள். நேற்று இவள் பிள்ளையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். நீங்கள் அப்போதுதான் மேலே நின்று மூட்டையை விளிம்புக்கு நகர்த்திக்கொண்டிருந்தீர்கள். பிறகு கீழே குதித்து முதுகைத் திருப்பினீர்கள். மரத்தடியில் ஒருவன் விசிலடித்தான். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன், மறைப்பானேன்?

பொன்னழகு என்னைப் பார்த்தாள். சோற்றுத் தூக்கைக் கீழே வைத்தாள். பிள்ளையைத் தூக்கி என் மடியில் போட்டாள். நான் என்ன ஏது என்று கேட்பதற்குள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சக்கரத்தில் கால் வைத்து வண்டிமேல் ஏறிவிட்டாள். பிள்ளை மடியில் இருக்கும்போது நான் எப்படி எழுந்து ஓடுவேன்? "ஏலே, யாராச்சும் அவளை எறங்கச் சொல்லுங்கடா" என்று கத்தினேன். மேஸ்திரி மகளைக் கையைப் பிடித்து இறக்க எவனுக்குத் துணிச்சல் வரும்? எல்லாரும் எழுந்து நின்றார்கள். அவ்வளவுதான்.

உங்கள் முதுகில் நேற்று மூட்டையைச் சாய்த்துச் சாய்த்துக் கொடுத்தது அவள்தான். சின்ன வயதில் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து, முடியும்வரை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அப்போது பார்த்து வைத்தது போலிருக்கிறது. அலுங்காமல் கொடுத்தாள். கடைசி மூட்டைவரை கொடுத்தாள். நீங்கள் ஒருமுறைகூடத் தலை நிமிர்ந்து யார் என்று பார்க்கவில்லை. உங்கள் ரோஷம் அப்படி.

அதற்குப் பிறகு அவள் இறங்கிப்போய் மண்டிக்காரரிடம் கையை நீட்டியது உங்களுக்கும் தெரியும். "எறக்குனவுகளுக்கும் எடுத்துக் குடுத்தவளுக்கும் சேத்துக் கூலியைக் குடுங்க" என்றாள். அவர் பல்லைக் குத்திக்கொண்டே, "யாருக்கும்மா கூலி? எறக்குறது இப்ப வண்டி வாடகையிலயே சேந்துபோச்சு. ஆடி பொறந்ததுலேருந்து உன் புருசன் சும்மால்ல எறக்குறாரு. உனக்குத் தெரியாதா?" என்றார். அந்த நேரத்தில்தான் உங்கள் வண்டி ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது.

ஆடி மாதம் முழுக்க ஓசியில் சுமந்திருக்கிறீர்கள். சுமந்துகொண்டே எனக்கு இறக்குகூலியைப் பற்றி ஜம்பமாகக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். கூலிக்குச் சுமக்கிறவனைத்தான் நான் மட்டமாக நினைத்திருந்தேன். ஓசியில் சுமக்கிறவனுக்கு என்ன பேர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். பொன்னழகு என்னிடம் வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். எல்லார் முன்னாலும், "நீங்க அவுகளைப் பாத்துச் சிரிச்சீக. அவுக உங்களை எளக்காரமா எழுதுனாக. ரெண்டு பேரையும் பாத்துச் சிரிச்சது அந்த மண்டிக்காரருதான்ப்பா" என்றாள். சோற்றை வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் சாப்பிடவில்லை. ஒட்டன்சத்திரம் வண்டி, பழனி வண்டி, எல்லாவற்றுக்கும் இனி இதே ஏற்பாடுதான் என்று சாயங்காலம் கணக்குப்பிள்ளை வந்து சொன்னார். உங்களோடு மல்லுக்கட்டுவதிலேயே புத்தியை வைத்திருந்தேன். என் ஆட்களின் பிழைப்பு என் மூக்குக்குக் கீழேயே போய்க்கொண்டிருந்திருக்கிறது.

இரவு பொன்னழகிடம், உன்னை வத்தலக்குண்டுக்கு அனுப்பட்டுமா என்று கேட்டேன். "ஓசிக்குச் சொமக்குற ஆளுக்கு நான் சோறாக்கிப் போட மாட்டேன்" என்றாள். இது நான் சொல்லிக் கொடுத்தது இல்லை.

உடையப்பன்


வத்தலக்குண்டு,
22-8-1959

மாமா அவர்களுக்கு.

மறுத்து எழுத ஒன்றும் இல்லை. சோலைமலையை நான் நிறுத்தவில்லை. லாரி முதலாளிதான் நிறுத்தினார். "நீதான் ஒண்டியா எறக்குறியே, கிளீனரு எதுக்கு?" என்றார். அதற்கு அடுத்த வாரம் கூப்பிட்டு, "எறக்கிக் குடுக்குறதும் டிரைவர் வேலைதான்னு மண்டியில பேசி முடிச்சாச்சு" என்றார். நான் போய் வண்டியை எடுத்தேன்.

முடியாது என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீங்கள் சொன்னது சரி என்று ஆகிவிடும். அடுத்த திங்கட்கிழமை உங்கள் முகத்தை எப்படிப் பார்ப்பது? அதற்கு மூட்டையே தேவலை என்று தோன்றியது.

முதல் மூட்டை அலுங்காமல் வந்து முதுகில் உட்கார்ந்தபோது, உங்கள் ஆள் எவனோ இரக்கப்பட்டு ஏறியிருக்கிறான் என்று நினைத்தேன். அவனுக்கு நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் நிமிரவில்லை. வளையல் சத்தம் கேட்டது. கேட்டும் நம்பவில்லை.

வரும் திங்கட்கிழமை வண்டியைக் கொண்டுவருவேன். முன் சீட்டைவிட்டு இறங்கமாட்டேன். உங்களுக்காக இல்லை.

சுருளிவேல்


மண்டி, 26-8-1959 (கையோடு கொடுத்தனுப்பியது)

மாப்பிள்ளைக்கு. நீங்கள் முன் சீட்டில் இருக்கிறீர்கள், நான் தராசு மேடையில் இருக்கிறேன். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். ஆனால் எழுந்து வந்து உங்களோடு பேச எனக்கு இன்னும் மனம் வரவில்லை. மூன்று நாளாக வண்டி நிற்கிறது. கூலி தராமல் என் ஆட்களும் தொடமாட்டார்கள். கிழங்கு நாற்றம் தெருவரை போகிறது. மண்டிக்காரர் வெளியூரிலிருந்து கொண்டுவந்த ஆட்களை ஆண்டிச்சாமி வாசலிலேயே நிறுத்திப் பேசித் திருப்பி அனுப்பிவிட்டான். அவன் பேசியதை எழுத முடியாது. உங்கள் முதலாளி சாயங்காலம் வருகிறாராம். அவர் கார் சத்தம் கேட்டதும் பதறிக் கீழே குதித்து மூட்டையைத் தூக்கிவிடாதீர்கள். உங்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு. பொன்னழகு எனக்குக் கொண்டுவந்த சோற்றில் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இல்லை. உங்களுக்கு வைத்தாளா? உடையப்பன்.

(அதே தாளின் பின்புறம்)

மாமா, மொச்சைப் பயறு வைத்திருந்தாள். இறங்கமாட்டேன். சுருளிவேல்.


வத்தலக்குண்டு,
12-9-1959

மாமா அவர்களுக்கு.

உங்கள் ஆட்களுக்குப் பழையபடி முழுக்கூலி கொடுக்க மண்டிக்காரர் ஒத்துக்கொண்டதாக ஒட்டன்சத்திரம் டிரைவர் சொன்னார். அவரும் இப்போது முன் சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறாராம். சந்தோஷம்.

என் முதலாளி அன்று உங்கள் கண் முன்னாலேயே சாவியை வாங்கிக்கொண்டார். அது உங்களுக்குத் தெரியும். பிறகு நடந்தது தெரியாது. இங்கேயும் பெரியகுளத்திலும் உள்ள லாரி ஆபீஸ்களில் எல்லாம் ஏறி இறங்கினேன். "கெழங்கை அழுக விட்ட ஆளு நீதானா?" என்கிறார்கள். ஒருவர் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு இல்லை என்றார். மற்றவர்கள் டீகூட வாங்கித் தரவில்லை. வண்டி ஓட்டுகிறவன் வண்டி இல்லாமல் தெருவில் நடந்தால் நாய்கூட நகர்ந்து வழிவிடுவதில்லை. உங்கள் ஆட்களை எவ்வளவு கேவலமாக எழுதியிருந்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். எழுதியதை அழிக்க முடியாது.

உங்கள் கூட்டத்தில் எனக்கு ஒரு இடம் வேண்டும். மருமகன் என்று கேட்கவில்லை. மூட்டையை இடுப்பை வளைத்து வாங்கக் கூடாது என்று நீங்கள் ஏற்கெனவே சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். மீதியையும் கற்றுக்கொள்கிறேன்.

பொன்னழகை அனுப்பச் சொல்லி இந்த முறை கேட்கவில்லை. மூட்டை தூக்குகிறவனுக்கு மகளைத் தருவதில்லை என்பது உங்கள் வார்த்தை. அதை மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு முகம் இல்லை. பிள்ளையை மட்டும் திங்கட்கிழமைகளில் மண்டிக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பார்த்துக்கொள்கிறேன்.

சுருளிவேல்


திண்டுக்கல்,
15-9-1959

மாப்பிள்ளைக்கு.

வரும் திங்கட்கிழமை விடியற்காலை வந்துவிடுங்கள். காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வராதீர்கள். ஆட்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். கொக்கியும் கொங்காணியும் உங்களுடையதையே கொண்டுவாருங்கள். என்னுடையதைத் தரமாட்டேன். உங்களுக்கு மூட்டை எடுத்துக் கொடுக்கப் போகிறவன் ஆண்டிச்சாமி. அவன் சொன்னபடி கேட்க வேண்டும். உங்களைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று நான் ஆட்களிடம் கேட்டபோது முதலில் கை தூக்கியவன் அவன்தான். அவன் கெட்ட எண்ணத்தோடு தூக்கினானா நல்ல எண்ணத்தோடு தூக்கினானா என்று எனக்குப் பிடிபடவில்லை. போகப் போக உங்கள் முதுகுக்குத் தெரியும்.

எனக்கு இதில் துளியும் இஷ்டம் இல்லை. டிரைவர் என்று தேடிப் பிடித்துக் கொடுத்தேன், கடைசியில் என் கூட்டத்திலேயே வந்து சேர்ந்துவிட்டீர்கள். இந்த மண்டிக்குள் என் மகள் குடும்பம் வரக் கூடாது என்றுதான் என் கழுத்தைக் கொடுத்தேன். வயிறு எரிகிறது. எரிந்து என்ன செய்ய? நீங்கள் அந்த மூன்று நாள் இறங்கியிருந்தால் என் ஆட்களுக்கு இன்றைக்கு அடுப்பு எரியாது. அதையும் என் வாயாலேயே சொல்ல வேண்டியிருக்கிறது.

நேற்று உங்கள் கடிதத்தைப் பொன்னழகிடம் படித்தேன். ஒரு வரி விடாமல் படித்தேன். முகம் இல்லை என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் போதும் என்று நிறுத்தச் சொன்னாள். "கூலி உண்டுல்ல?" என்று கேட்டாள். எல்லாருக்கும் உள்ளது அவருக்கும் உண்டு என்றேன்.

உடனே எழுந்துபோய்ப் பிள்ளையின் துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்துவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மண்டிக்குப் பின்னால் வாடகைக்கு ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறாளாம். அத்தைக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாது.

இப்படிக்கு,
மூட்டை தூக்குகிறவனுக்கு மகளைக் கொடுத்த
உடையப்பன்